சரக்கு குலுங்காமல் வந்து சேர: ஷாக் அப்சார்பரைத் திருகி அமைத்தலும் பராமரித்தலும்

எண்ணெய் டின் ஒழுகி வந்தாலும், பிஸ்கட் பெட்டி நொறுங்கி வந்தாலும், முட்டை அட்டையில் நாலைந்து உடைந்து வந்தாலும் கடைக்காரர் முதலில் பார்ப்பது டிரைவரின் முகத்தைத்தான். அடுத்தபடியாக மூட்டை ஏற்றிய ஆளைப் பார்க்கிறார். சில கடைகளில் சேதத் தொகை அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தமாகவும் போய்விடுகிறது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பவர் வெகு குறைவு. குனிந்து பார்த்திருந்தால், பின் சக்கரத்தின் பக்கத்தில் எண்ணெய் வழிந்து, அதன்மேல் புழுதி அப்பிக் கிடக்கும் ஷாக் அப்சார்பரே உண்மையான குற்றவாளி என்பது பல சமயங்களில் தெரிந்திருக்கும்.

நமது திருவாதவூர் வட்டார வணிகர்களுக்கு இது முக்கியமான விஷயம். கீழமாசி வீதியில் சரக்கு ஏற்றி ஒத்தக்கடை வழியாக ஊர் வந்து சேர்வதில் பெரிய தொல்லை இல்லை. வந்த சரக்கைப் பிரித்து உட்கிராமத்துக் கடைகளுக்குப் போடப் போகும்போதுதான் கண்மாய்க் கரையும், பெரியாறு வாய்க்கால் கரையும், மழை பெய்தால் பள்ளம் விழும் மண் பாதையும் குறுக்கே வருகின்றன. "ஆஃப் ரோடு" வண்டி என்றால் மலையேறிப் பந்தயம் ஓட்டுபவர்களின் வண்டி என்று பத்திரிகைகளில் படம் போடுகிறார்கள். ஜீப்பிலோ போலேரோ பிக்கப்பிலோ அரிசியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் போகும் நமது வண்டியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இத்தகைய வண்டிகளுக்குத் திருகி மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பரை வாங்கிப் பொருத்தும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. உதிரிபாகக் கடையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "இதை நல்லா டைட் வச்சுட்டா இன்னும் ரெண்டு மூட்டை ஏத்தலாம்ல அண்ணாச்சி?" ஏற்றக் கூடாது. இந்தக் கட்டுரை முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வில்லின் வேலை வேறு, ஷாக்கின் வேலை வேறு

நம் பாட்டனார் காலத்தில் பெரிய வீட்டுக்காரர்கள் வில் வண்டியில் போவார்கள், சரக்கு கட்டை வண்டியில் போகும். வில் வண்டியின் அந்த இரும்பு வில்தான் இன்றைக்கு நமது வண்டியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டை. எடையைத் தாங்குவது அதுவே. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது வில் அமுங்குகிறது. அமுங்கிய வில் அப்படியே நிற்காது, திரும்ப எழும்பும். எழும்பியது மறுபடி அமுங்கும். வில் வண்டியில் போனவர்களுக்கு அந்த ஊஞ்சலாட்டம் நன்றாகத் தெரியும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் ஓரளவு அடங்கும் என்றாலும், வேகமாகப் போகும் வண்டிக்கு அது போதாது.

அந்த ஆட்டத்தை அடக்குவதற்காக வந்ததே ஷாக் அப்சார்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மோட்டார் கார்களில் வட்டத் தகடுகளை ஒன்றோடொன்று உரசவிட்டு, நடுவில் ஒரு நட்டை முடுக்கி உரசலைக் கூட்டிக் குறைத்தார்கள். திருகி அமைக்கும் ஏற்பாடு அந்தக் காலத்திலேயே இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. பின்னர் எண்ணெய் நிரப்பிய குழல் வந்தது. இந்தியாவில் காப்ரியேல் நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டது. நமது டிரைவர்களில் பலர் இன்றும் எந்தக் கம்பெனியின் சரக்கானாலும் "கேப்ரியல் போடணும்" என்றுதான் சொல்கிறார்கள்.

குழலுக்குள் என்ன நடக்கிறது? ஒரு பிஸ்டன், அதில் சிறு துளைகள், துளைகளை மூடித் திறக்கும் மெல்லிய வால்வுத் தகடுகள், சுற்றிலும் எண்ணெய். இவ்வளவுதான். வில் ஆடும்போது பிஸ்டன் எண்ணெய்க்குள் மேலும் கீழும் இழுபடுகிறது. எண்ணெய் அந்தச் சிறு துளை வழியாகச் சிரமப்பட்டுப் போகிறது. அந்தச் சிரமமே ஆட்டத்தை அடக்குகிறது, ஆட்டத்தின் சக்தி சூடாக மாறுகிறது. நல்ல ஷாக் அப்சார்பர் மேடுபள்ளத்தில் ஓடி வந்தபின் சுடும். இதைப் பின்னால் ஒரு சோதனைக்குப் பயன்படுத்தப் போகிறோம், நினைவில் வைத்துக்கொள்ளவும்.

வண்டி நிற்கும்போது இந்தக் குழல் மூட்டை எடையைத் தாங்குவதில்லை. வாயு அடைத்த வகையில் மிகச் சிறிய தள்ளு சக்தி உண்டு, அது கணக்கில் சேராது. ஆகவே ஷாக்கை எவ்வளவு முடுக்கினாலும் வண்டியின் தாங்கும் எடை ஒரு கிலோகூட ஏறாது. பட்டை, அச்சு, பிரேக், டயர் எல்லாம் பழையபடிதான். குலுக்கல் குறைந்திருப்பதால் வண்டி தெம்பாக இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவே.

2005இல் வந்த முதல் டாடா ஏஸ் வண்டிக்கு 750 கிலோ சரக்கு என்று கம்பெனி நிர்ணயித்தது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள பொட்டல உணவுப் பொருட்களுக்கு ஜி.எஸ்.டி. வந்தபின் நம் கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை பழக்கத்துக்கு வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 26 கிலோ மூட்டை 28 ஏற்றினால் 728 கிலோ. 29ஆவது மூட்டையில் 754. ஆக அந்த வண்டிக்கு 28 மூட்டைதான் கணக்கு. தங்கள் வண்டியின் கணக்கை ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்துத் தெரிந்துகொள்ளலாம். உடன் வரும் ஆளையும் அதில் சேர்க்கவும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூடுதல் எடைக்கு 20,000 ரூபாயும், அதற்குமேல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. இரண்டு மூட்டை அரிசியில் நமக்கு என்ன நிற்கிறது என்பதை வணிகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருகுவதில் இரண்டு வகை

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். மோட்டார் சைக்கிளின் பின்பக்க ஷாக்கில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் 5 படிகள். கொக்கி ஸ்பேனரை மாட்டித் திருப்பினால் வளையம் மேலேறிச் சுருள் ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறது. இதனால் ஸ்பிரிங்கின் குணம் மாறிவிடுவதில்லை. பின்னால் பால் கேனோ இரண்டு சிப்பம் சரக்கோ வைக்கும்போது வண்டியின் பின்புறம் இருக்க வேண்டிய உயரத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். எண்ணெய்த் துளைக்கும் இந்த வளையத்துக்கும் சம்பந்தமில்லை. தனியாகப் போகும்போது கீழ்ப்படி, சரக்கோடு போகும்போது மேல்படி. இடம் வலம் இரண்டும் ஒரே படியில் இருக்க வேண்டும். சரக்குப் பாரத்தோடு திருப்பக் கூடாது, இறக்கிவிட்டு நடு ஸ்டாண்டில் நிறுத்தித் திருப்பவும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுபவர்கள் வளையத்தின் பல்லை உடைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

ஜீப், பிக்கப் வண்டிகளுக்கு விற்கப்படுவது வேறு வகை. குழலின் அடியிலோ பக்கத்திலோ ஒரு சிறு குமிழ் இருக்கும். திருப்பினால் "டிக், டிக்" என்று ஒவ்வொரு படியாகப் போகும். இது எண்ணெய் போகும் வழியை அகலமாக்கும் அல்லது ஒடுக்கும். இதுதான் அசலான ஷாக் திருகல். வெளியில் குமிழ் இல்லாத வகையும் உண்டு. நெதர்லாந்தின் கோனி கம்பெனி செய்த பழைய மாதிரிகளில் ஷாக்கைக் கழற்றி, முழுவதுமாக அமுக்கி, உள்ளே பிடிப்பு மாட்டிக்கொண்டபின் தண்டைத் திருப்பி அமைக்க வேண்டும். அந்த வகை ஒரு முறை வைத்துவிட்டு மறந்துவிடுபவர்களுக்கு ஏற்றது. வாரம் மூன்று நாள் பாரமும் மூன்று நாள் காலியுமாக ஓடும் நம் வண்டிக்குக் குமிழ் வகையே சௌகரியம்.

வாங்கும்போது ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும். சில குமிழ்கள் வில் திரும்ப எழும்பும் வேகத்தை மட்டும் அடக்கும். சில, அமுங்குவதையும் எழும்புவதையும் சேர்த்து அடக்கும். பெட்டியோடு வரும் தாளில் இது போட்டிருக்கும். தாள் இல்லாத சரக்கை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அமைக்கும் முறை

குமிழைத் தொடுவதற்கு முன் டயர் காற்றைப் பார்க்க வேண்டும். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். காற்று ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும் வண்டியில் ஷாக்கைத் திருகிப் பார்ப்பது, தட்டில் கல்லை வைத்துக்கொண்டு தராசைச் சரிபார்ப்பது போல. காலையில் வண்டி எடுக்குமுன், டயர் சூடாகாதபோது அளந்து கம்பெனி சொன்ன அளவுக்கு வைக்கவும். கையோடு பட்டையில் பிளேட் கட் ஆகியிருக்கிறதா, யு போல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, வழக்கமாக எவ்வளவு சரக்கு ஏற்றுவீர்களோ அவ்வளவை ஏற்றுங்கள். கனமான மூட்டைகள் அடியில், பின் அச்சுக்குச் சற்று முன்னால். அச்சுக்குப் பின்னே பாரம் கூடினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும், அதை எந்த ஷாக்கும் சரிசெய்யாது. ஒரு வேகத்தடை, கொஞ்சம் உடைந்த தார், கொஞ்சம் மண் பாதை மூன்றும் உள்ள அரை கிலோமீட்டர் தூரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பாதை, அதே வேகம், அதே டிரைவர்.

நான்கு குமிழையும் மிக மெதுவான நிலைக்குத் திருப்பி, முட்டுமிடத்தில் நிறுத்தி, அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளவும். முட்டியபின் அழுத்தித் திருகக் கூடாது. முதலில் பின்பக்கம். வேகத்தடையைத் தாண்டியதும் வண்டியின் பின்புறத்தை ஒருவர் ஓரமாக நின்று பார்க்கட்டும். ஒரு முறை எழும்பி இறங்கி அமர்ந்துவிட்டால் சரி. இரண்டாவது, மூன்றாவது ஆட்டம் இருந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிக் கூட்டி மறுபடி ஓட்டவும். இரண்டாவது ஆட்டம் நிற்கும் வரை இப்படிக் கூட்டிப் போகலாம்.

எங்கே நிறுத்துவது என்பதே சாமர்த்தியம். முடுக்க முடுக்க நல்லது என்று நினைத்தால் சரக்கு போய்விடும். சிறு கல், சிறு பள்ளம் எல்லாவற்றையும் ஷாக் அப்படியே தளத்துக்குக் கடத்தும், டின்கள் தாளம் போடும். இன்னொரு விபரீதமும் உண்டு. எழும்பும் ஓட்டம் மிகவும் இறுகினால், ஒரு மேட்டில் அமுங்கிய வில் முழுதாக எழும்புவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மறுபடி அமுங்கும். வரி வரியாக மேடு விழுந்த மண் பாதையில் நாலைந்து மேட்டுக்குள் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் அச்சு ரப்பர் தடையில் போய் மோதும். டிரைவர், "ஷாக் லூசா இருக்கு, இன்னும் டைட் வைங்க" என்பார். உண்மையில் தளர்த்த வேண்டிய நேரம் அது.

சரக்கு என்ன பாடுபடுகிறது என்பதை அறியச் சுலபமான வழி, தளத்தில் ஓர் அட்டைப் பெட்டியைக் கட்டாமல் வைத்து அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவது. ஓட்டம் முடிந்து வந்ததும் பெட்டி கோட்டைவிட்டு எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கவும். டிக் கூட்டக் கூட்ட நகர்வது குறைந்து வரும், ஒரு கட்டத்தில் மறுபடி கூடத் தொடங்கும். கூடத் தொடங்கியதும் ஒரு டிக் பின்வாங்கிவிட வேண்டும். பின்பக்கம் முடிந்தபின் முன்பக்கம் இதே போல. வளைவில் வண்டி சாய்ந்து திரும்ப நிமிர்வதும், பிரேக் போட்டால் மூக்கு தாழ்வதும் முன்பக்கத் திருகலில் தெரியவரும்.

கிடைத்த எண்களைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்: தேதி, ஏற்றிய மூட்டை, டயர் காற்று, முன் எத்தனை டிக், பின் எத்தனை டிக். எழுதி வைக்காதவர்கள் ஆறு மாதம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

காலியாகத் திரும்பும்போது என்ன செய்வது? எடை கூடினால் வில்லின் ஆட்டம் மெதுவாகவும் நீண்ட நேரமும் இருக்கும், அதை அடக்க அதிகம் இறுக்கம் வேண்டும். எடை இறங்கியபின் அதே இறுக்கம் அளவுக்கு மீறியதாகிவிடும். காலி வண்டியின் பின்சக்கரம் தரையைவிட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. வாய்க்கால் கரையில் எதிரே மாடு வந்தால் இது உயிர்ப் பிரச்சினை. எனவே மறுநாளும் காலி ஓட்டம் என்றால் பின்பக்கத்தை நோட்டில் எழுதிய காலி எண்ணுக்கு இறக்கிவிட வேண்டும். தினமும் குனிந்து திருப்ப முடியாது என்பவர்கள் பாதிப் பாரத்துக்கு அமைத்துவிட்டு, முழுப் பாரத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். பாரத்துக்கே இறுக்கி வைத்துவிட்டுக் காலியிலும் அப்படியே ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பட்டையில் கூடுதல் பிளேட் போட்டுக்கொள்வது பற்றியும் கேட்கிறார்கள். கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அது ஒருபுறம் இருக்க, பட்டை கனத்தால் அச்சும் பிரேக்கும் கனத்துவிடாது. காலியில் வண்டி கட்டை வண்டியாகிவிடும், கண்ணாடிப் பாட்டில் ஏற்றுபவர் நிலை பரிதாபம்.

பராமரிப்பு

காரை மூலையில் அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை சரக்கு வண்டிக்குச் சரிவராது. பட்டை கனமானது, கையால் அமுங்காது. அதற்குப் பதில் முன்பு சொன்ன சூட்டைப் பயன்படுத்துங்கள். மேடுபள்ளத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி வந்ததும், சைலன்சரில் கை படாமல், நான்கு ஷாக்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கவும். ஒரே அச்சில் இடது சூடாகவும் வலது குளிர்ந்தும் இருந்தால் வலதுபக்கம் வேலை செய்யவில்லை. செலவில்லாத சோதனை, ஐந்து நிமிடம்.

எண்ணெய்க் கசிவில் இரண்டு விதம். தண்டின் சீலருகே லேசாக ஈரம் படிந்து புழுதி ஒட்டியிருப்பது சாதாரணம். குழலின் பாதி வரை வழிந்து சொட்டினால் ஆயுள் முடிந்தது. டயரின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தால் மேடும் குழியுமாகத் தட்டுப்படுவதும் ஷாக் செத்ததற்கு ஓர் அடையாளம். சக்கரம் துள்ளித் துள்ளி விழுந்த இடமெல்லாம் தேய்ந்திருக்கும். ஒரு ஜோடி ஷாக்கை ஒரு வருஷம் தள்ளிப்போட்டு இரண்டு டயரை இழப்பது எந்த ஊர்க் கணக்கு என்று தெரியவில்லை.

மண் பாதையில் ஓடும் வண்டிக்குச் சேறுதான் பெரிய எதிரி. காய்ந்த சேறு பளபளப்பான தண்டின்மேல் படிந்து, அமுங்கும்போது சீலை அறுக்கும். வாரம் ஒரு முறை குழாய்த் தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்தால் போதும். சர்வீஸ் நிலையத்தில் அழுத்தத் தண்ணீரை நேரே சீலின்மீது அடிக்கவிடக் கூடாது. தண்டில் கிரீஸ் தடவக் கூடாது, புழுதியை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும். தண்டைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. சிறு கீறல் போதும், ஒரு மாதத்தில் ஒழுகும். தூசி மூடி கிழிந்திருந்தால் உடனே மாற்றவும். திருகும் குமிழையும் மாதம் ஒரு முறை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிவிட்டு, எழுதி வைத்த எண்ணுக்குக் கொண்டு வர வேண்டும். திருப்பாமல் விட்ட குமிழ் சேறும் துருவும் சேர்ந்து இறுகி, தேவைப்படும் நாளில் நகராது.

மேலும் கீழும் உள்ள ரப்பர் புஷ்களை மறந்துவிடுகிறோம். "டக் டக்" என்று அடியில் சத்தம் வந்தால் பாதிக்குப் பாதி புஷ்தான். ஷாக்கை மாற்றச் செலவழிக்குமுன் குறைந்த விலையுள்ள புஷ்ஷை மாற்றிப் பார்ப்பது நல்லது.

மாற்றும்போது ஒரே அச்சில் ஜோடியாக மாற்ற வேண்டும். கழற்றுமுன் அச்சுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுக்கவும், ஷாக்கைக் கழற்றியதும் அச்சு கீழே இறங்கும். புதிய ஷாக் கடையில் படுக்கையாகக் கிடந்திருக்கும், உள்ளே காற்றுக் குமிழ் சேர்ந்திருக்கும். வண்டியில் இருக்க வேண்டிய நிலையில் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுவதும் இழுத்து அமுக்கினால் அது போய்விடும். நடுவில் எங்காவது பிடிப்பில்லாமல் நழுவினால் அந்தச் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கண்ணோடு கூடிய புஷ் போல்ட்டை வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நிற்கும்போது கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். தூக்கி வைத்து முடுக்கினால் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். கழற்றிய பழையதை, அதிலும் வாயு அடைத்ததை, கேஸ் கட்டிங்கில் அறுக்கவோ நெருப்பில் போடவோ கூடாது, வெடிக்கும்.

போலிச் சரக்கு பற்றி ஒரு வார்த்தை. நம்மூர் வாதவூரார் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன கதை எல்லோருக்கும் தெரியும். பகலில் குதிரையாக வந்து நின்றவை இரவில் நரியாகி ஓடின. அது இறைவனின் திருவிளையாடல். பளபளக்கும் பெட்டியில் பாதி விலைக்கு வரும் ஷாக் அப்சார்பர் மூன்று மாதத்தில் நரியாவதற்கு அப்படி எந்தப் புண்ணியமும் இல்லை. பில் இல்லாமல் தருபவரிடம் வாங்காதீர்கள். பெட்டியில் உள்ள எண்ணும் ஷாக்கில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். தங்கள் வண்டியின் மாடலுக்கு உரியதா என்பது முக்கியம். நீளம் ஒரு அங்குலம் கூடினாலும் வில் முழுதாக அமுங்கும்போது ஷாக் அடியில் முட்டி உடையும், குறைந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இழுபட்டுக் கழன்றுவிடும்.

ஐப்பசி அடைமழைக்கு முன், புரட்டாசியிலேயே இந்தச் சோதனைகளை முடித்துக்கொள்வது நமது பகுதிக்குப் பொருத்தம். கண்மாய்க் கரைகள் ஊறிக் குழைந்தபின் வண்டிக்கு அடியில் படுப்பது யாருக்கும் முடியாத காரியம். சாக்பீஸ் கோட்டுச் சோதனையை டிரைவரையும் உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எந்த டிக்கில் பெட்டி எவ்வளவு நகர்ந்தது என்று அவரும் பார்த்துவிட்டால், அடுத்த முறை எண்ணெய் டின் ஒழுகி வரும்போது பிடித்தம் போடுவதற்குமுன் இருவரும் சேர்ந்து முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கலாம்.